தொங்கும் மோட்டாரா, மைக்ரோ மோட்டாரா? நகை மேசைக்கு எது என்று ஓர் அலசல்

நகை மேசையில் அரம், வாள், சாமணம் இவற்றுக்கு அடுத்து நம் கையில் அதிக நேரம் இருப்பது சுழலும் கருவிதான். துளை போடுவது, கல் உட்காரும் குழியை வெட்டுவது, மோதிரத்தின் உள்பக்கத்தை மெருகேற்றுவது எல்லாம் அதில்தான். வாங்கப் போனால் இரண்டு வழி இருக்கும். மேசைக்கு மேலே கொக்கியில் மோட்டாரைத் தொங்கவிட்டு, வளையும் தண்டு ஒன்றின் வழியாகச் சுழற்சியைக் கைக்குக் கொண்டுவருவது ஒன்று. ஃப்ளெக்ஸ் ஷாஃப்ட் என்பார்கள், ஹேங்கிங் மோட்டார் என்பார்கள். கைப்பிடிக்குள்ளேயே மோட்டாரை வைத்திருக்கும் மைக்ரோ மோட்டார் மற்றது.

நான் முதலில் வாங்கியது மைக்ரோ மோட்டார். நான்கு வருஷம் அதை மட்டுமே வைத்துப் பிழைத்தேன். அப்புறம் தொங்கும் மோட்டாருக்கு மாறி ஆறு வருஷம் ஆகிறது. மைக்ரோ மோட்டார் இன்னும் மேசையில் இருக்கிறது, ஆனால் துணைக் கருவியாக. என் சாய்வு எந்தப் பக்கம் என்று இதிலேயே தெரிந்திருக்கும்.

எல்லாரும் சொல்லும் விஷயங்களைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். மைக்ரோ மோட்டாரில் சத்தம் குறைவு, அதிர்வு குறைவு, வேகத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டியோடு தூக்கிக்கொண்டு போகலாம். தொங்கும் மோட்டாருக்கு மேலே ஒரு தாங்கி வேண்டும், காலுக்குக் கீழே பெடல் வேண்டும், தண்டு எப்போதும் லேசாகக் கையை ஒரு பக்கம் இழுக்கும். கைப்பிடியில் செருகும் சிறு வெட்டுமுனை, அதாவது பர் விஷயத்தில் கவலை இல்லை. இரண்டிலும் ஓடுவது 2.35 மி.மீ. காம்பு உள்ள பர்கள்தான், பல் வைத்தியர்களின் நேர் கைப்பிடியிலிருந்து வந்த அளவு அது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறினாலும் சேர்த்துவைத்த பர்கள் வீணாகாது.

வேகத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் இதைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். மைக்ரோ மோட்டார் நிமிஷத்துக்கு 35,000 சுற்று, சில 50,000 கூட ஓடும். தொங்கும் மோட்டார் பெரும்பாலும் 15,000 முதல் 20,000 வரை. எண்ணைப் பார்த்தால் பாதிதான். ஆனால் உலோகத்தை வெட்டுவது பர்ரின் விளிம்பு எவ்வளவு வேகத்தில் நகர்கிறது என்பதுதான். 1 மி.மீ. பர்ரை 30,000 சுற்றில் ஓட்டினால் அதன் விளிம்பு நிமிஷத்துக்குச் சுமார் 94 மீட்டர் நகரும். 6 மி.மீ. பர்ருக்கு அதே விளிம்பு வேகம் 5,000 சுற்றிலேயே கிடைத்துவிடும். பெரிய கல்லுக்குக் குழி வெட்டும்போது வேகத்தை ஏற்றினால் பர் உலோகத்தைக் கடிக்காமல் வழுக்கும், தடதடக்கும், சூடாகி முனை மழுங்கும். அந்த வேலைக்கு வேண்டியது குறைந்த வேகத்தில் நின்று திருப்புகிற வலு. நான் வைத்திருந்த சாதாரண மைக்ரோ மோட்டாரில் அது இல்லை. 3,000 சுற்றில் வைத்து 5 மி.மீ. பர்ரை அழுத்தினால் நின்றுவிடும். நிற்கக் கூடாது என்று வேகத்தைக் கூட்டினால் குழி எல்லை மீறிப் போய்விடும். தொங்கும் மோட்டாரில் பெடலை மெல்ல அழுத்தி, பர்ரை மெழுகில் ஒரு தொடு தொட்டுவிட்டு வெட்டினால் சுருள் சுருளாகத் துகள் வரும்.

சிறிய பர்ரில் நிலைமை தலைகீழ். 0.8 மி.மீ. உருண்டை பர்ருக்கு வேகம் வேண்டும். அங்கே மைக்ரோ மோட்டார் முந்துகிறது, அதில் எனக்கு மறுப்பே இல்லை. பொடிக் கற்களை நெருக்கமாகப் பதிக்கிறவர்கள், நுண்ணோக்கியின் கீழ் வேலை செய்கிறவர்கள் மைக்ரோ மோட்டாரை விடமாட்டார்கள். விரலின் நீட்சி போல இருக்கும் அது. தண்டின் இழுப்பு இல்லாததால் மணிக்கட்டு சுதந்திரமாகத் திரும்பும்.

இனி நான் மாறியதற்கான உண்மையான காரணம். அது பராமரிப்பு.

மறுநாள் காலையில் கொடுக்க வேண்டிய மோதிரம் ஒன்று. பதினொரு கற்கள், அதில் ஏழு பதித்தாயிற்று. ராத்திரி ஒன்பது மணி வாக்கில் மைக்ரோ மோட்டார் கைப்பிடியிலிருந்து சன்னமாக ஒரு ஓலம் கிளம்பியது. பத்து நிமிஷத்தில் கைப்பிடி பிடிக்க முடியாத அளவுக்குச் சூடாகிவிட்டது. பேரிங் போய்விட்டது. திறந்து பார்த்தேன். விரல் நகத்தை விடச் சிறிய பேரிங்குகள், தண்டின் மேல் அழுத்தி ஏற்றப்பட்டவை. அவற்றைக் கழற்றத் தனிக் கருவி வேண்டும், திரும்ப ஏற்றும்போது இம்மி பிசகினாலும் பர் தள்ளாடும். என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. மீதி நான்கு கற்களுக்கும் கைத்துளைப்பானாலும் செதுக்குளியாலும் விடிய விடியக் குழி எடுத்தேன். கைப்பிடியைப் பழுதுக்குக் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்து வந்தது, இரண்டே மாதத்தில் அதே ஓலம்.

இதில் என் தவறும் உண்டு, சொல்லிவிடுகிறேன். மெருகுத் தூளை ஊதித் தள்ளுவதற்காக அழுத்தக் காற்றை நேராகக் கைப்பிடியின் வாயில் பிடிக்கும் பழக்கம் எனக்கு இருந்தது. அது தூளை வெளியேற்றாது, பேரிங்குக்குள் ஓட்டிவிடும். பர்ரின் காம்பைக் கவ்விப் பிடிக்கும் காலெட்டை, பர் இல்லாமல் இறுக்கி வைப்பது, முழுதாக நிற்பதற்குள் பர்ரை மாற்றக் கைப்பிடியைத் திருப்புவது இரண்டும் காலெட்டைக் கெடுக்கும். இப்போது வேலை முடிந்ததும் ஒரு பழைய பர்ரைச் செருகித்தான் வைக்கிறேன். ஆனால் இவ்வளவு பார்த்து நடந்தாலும், தேய வேண்டிய பேரிங் ஒருநாள் தேயத்தான் போகிறது. அன்றைக்கு அதை நான் மாற்ற முடியுமா, முடியாதா? எனக்குக் கேள்வி அதுதான்.

தொங்கும் மோட்டாரில் தேய்கிற பாகங்களை எண்ணிப் பாருங்கள். உள்ளே சுழலும் எஃகுக் கம்பித் தண்டு, அதன் மேல் உறை, தண்டு முனையில் கைப்பிடியோடு கோக்கும் சாவி முனை, மோட்டாரின் சுழலும் பாகத்துக்கு மின்சாரம் கடத்தும் இரண்டு கார்பன் பிரஷ்கள், கைப்பிடி. ஒரு திருப்புளியும் ஓர் ஆலன் சாவியும் இருந்தால் இவை எல்லாவற்றையும் மேசையில் உட்கார்ந்தபடியே மாற்றலாம். ஆறு வருஷத்தில் இரண்டு முறை உள்தண்டு மாற்றியிருக்கிறேன், ஒரு முறை பிரஷ். ஒவ்வொன்றுக்கும் கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

தண்டுக்குக் கிரீஸ் போடுவதை மட்டும் சரியாகக் கற்றுக்கொள்ள வேண்டும். கைப்பிடியை இழுத்துக் கழற்றுங்கள். மோட்டார் பக்கம் உறையைப் பிடித்திருக்கும் திருகைத் தளர்த்தினால் உறை கழன்று வரும், உள்தண்டு தெரியும். பழைய கிரீஸைத் துணியால் முழுதாகத் துடைத்துவிட்டு, புதியதை விரலால் மெல்லிய படலமாகத் தடவி, மிச்சத்தையும் துடைத்துவிட வேண்டும். நிறையப் போட்டால் நல்லது என்று நினைக்கத் தோன்றும். அந்தக் கூடுதல் கிரீஸ் சூட்டில் இளகி வழிந்து கைப்பிடிக்குள் இறங்கும், பர் வழியாகச் சொட்டி நகையில் கறுப்பாகப் படியும். உறையைத் திரும்ப மாட்டிய பிறகு, கைப்பிடி கோக்கும் முனையில் உள்தண்டு சுமார் 2 செ.மீ. வெளியே நீண்டிருக்கிறதா என்று பாருங்கள். குறைவாக இருந்தால் சாவி முனை ஒழுங்காகக் கோக்காமல் வழுக்கித் தேயும். அதிகமாக இருந்தால் தண்டு உறைக்குள் நெளிந்து உராயும். தினமும் வேலை செய்கிற நான் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை இதைச் செய்கிறேன்.

தண்டு அறுவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான், வளைவு. மோட்டாரைத் தாழத் தொங்கவிட்டாலோ, மேசையின் ஓரத்தில் மாட்டினாலோ, கைப்பிடியைத் திருப்பும்போது தண்டு கூர்மையாக மடங்கும். மடங்கிய நிலையில் அழுத்தம் கொடுத்தால் கம்பி இழைகள் ஒவ்வொன்றாக அறும். அதற்கு முன்பே எச்சரிக்கை வரும். உறையைத் தடவிப் பார்த்தால் ஓர் இடம் மட்டும் சூடாக இருக்கும், உறுமல் கேட்கும். என் முதல் தண்டு போனது இப்படித்தான். கொக்கியை ஒரு சாண் உயர்த்திய பிறகு இரண்டாவது தண்டு அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் உழைத்தது.

கார்பன் பிரஷ் தேய்ந்து சுமார் 5, 6 மி.மீ. நீளமே மிஞ்சினால் மாற்றிவிடுங்கள். விட்டுவைத்தால் பொறி பறந்து மோட்டாரின் செம்புப் பட்டைகளையே அரித்துவிடும், அப்புறம் செலவு பெரிது. பார்ப்பதற்காகக் கழற்றிய பழைய பிரஷை, எந்தப் பக்கத்தில் எப்படி இருந்ததோ அப்படியே திரும்பப் போட வேண்டும், முனை வளைவாகத் தேய்ந்து படிந்திருக்கும். புதியது போட்டால் சில நிமிஷம் பாரமில்லாமல் ஓடவிடுங்கள்.

கைப்பிடியை மாற்றிக்கொள்ளலாம் என்பதையும் நான் பராமரிப்புக் கணக்கில்தான் சேர்ப்பேன். மோட்டார் ஒன்று, கைப்பிடிகள் பல. சாவி போட்டு இறுக்கும் தாடைக் கைப்பிடியில் 4 மி.மீ. வரை எந்தக் காம்பும் நிற்கும், துளைக் கம்பிகளுக்கு அது. நெம்பினால் திறக்கும் கைப்பிடி 2.35 மி.மீ. பர்களை நொடியில் மாற்ற. சுத்தியல் கைப்பிடி கல்லைச் சுற்றியுள்ள விளிம்பைத் தட்டி மடக்க. கடைசியில் சொன்னதை 5,000 சுற்றுக்கு மேல் ஓட்டவே கூடாது, உள்ளே அடிக்கும் பாகம் சிதைந்துவிடும். இவற்றில் ஒன்று கீழே விழுந்து வளைந்தால் அது மட்டும்தான் நஷ்டம். மைக்ரோ மோட்டார் கைப்பிடி விழுந்தால் மோட்டாரும் சேர்ந்து விழுகிறது.

பழையதாக வாங்குகிறவர்களுக்கும் இதே கணக்குதான். தொங்கும் மோட்டார் தயாரிக்கும் ஃபோர்டம் 1922 முதல் இருக்கும் நிறுவனம். அவர்களுடைய கைப்பிடி கோக்கும் முறையையே வேறு பல தயாரிப்பாளர்களும் பின்பற்றுகிறார்கள். அதனால் பழைய மோட்டாருக்கும் புதிய கைப்பிடி பொருந்த வாய்ப்பு அதிகம். பழைய தொங்கும் மோட்டாரை ஓட்டிப் பார்த்து, பிரஷைக் கழற்றிப் பார்த்து, தண்டை உருவிப் பார்த்துவிட்டால் அதன் ஆயுளை ஏறக்குறையச் சொல்லிவிடலாம். பழைய மைக்ரோ மோட்டாரில் பேரிங் எவ்வளவு மிச்சம் என்று வெளியிலிருந்து தெரியாது. நேரான காம்பு ஒன்றை மாட்டி மெதுவாகச் சுழற்றி, முனை தள்ளாடுகிறதா என்று பார்க்கலாம். தள்ளாடாவிட்டால் இன்றைக்கு நன்றாக இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம்.

நான் உறுதியாகப் பேச முடியாத இடம் ஒன்று உண்டு. மேலே மைக்ரோ மோட்டாரைப் பற்றிச் சொன்னதெல்லாம் கார்பன் பிரஷ் உள்ள சாதாரண வகையை வைத்துச் சொன்னது. பிரஷ் இல்லாத உயர் வகைகளில் குறைந்த வேகத்திலும் நல்ல வலு இருக்கிறது. நண்பர் ஒருவருடைய மேசையில் ஒரு மதியம் முழுக்க ஓட்டிப் பார்த்தேன், 5 மி.மீ. பர்ரை அழுத்தியும் நிற்கவில்லை. ஆனால் ஒரு மதியம் என்பது பராமரிப்பைப் பற்றிப் பேசப் போதாது. பிரஷ் தேய்வு அதில் இல்லை, பேரிங்கும் காலெட்டும் அதிலும் உண்டு. ஐந்து வருஷம் அதில் உழைத்தவர் சொல்வதைத்தான் நீங்கள் கேட்க வேண்டும். வார்ப்புக்கான மெழுகு மாதிரி செதுக்குவதிலும் என் அனுபவம் குறைவு. வேகம் கூடினால் மெழுகு இளகி பர்ரில் அப்பிக்கொள்கிறது, பெட்டியில் வேகத்தை ஓரிடத்தில் நிறுத்திவைக்க முடிவதால் அதற்கு மைக்ரோ மோட்டார் வசதியாகத் தோன்றியது. அவ்வளவுதான் தெரியும்.

ஒரே ஒரு கருவிதான் வாங்க முடியும், மோதிரம் அளவு மாற்றுவது முதல் கல் பதிப்பது வரை எல்லா வேலையும் வரும் என்றால் தொங்கும் மோட்டார் வாங்குங்கள். வாங்கும்போதே ஓர் உள்தண்டு, ஒரு ஜோடி பிரஷ், ஒரு தாடைச் சாவி, கிரீஸ் ஒரு குழாய் சேர்த்து வாங்கி மேசை இழுப்பறையில் போட்டுவிடுங்கள். நாள் முழுக்கப் பொடிக் கல் மட்டுமே பதிக்கிறவர் என்றால் மைக்ரோ மோட்டார்தான் உங்களுக்கு, கூடவே இரண்டாவது கைப்பிடி ஒன்றும். என் இழுப்பறையில் இப்போது தண்டு ஒன்று, பிரஷ் இரண்டு ஜோடி இருக்கின்றன. இரண்டாவது தண்டு போனது ஒரு ராத்திரி பத்தரை மணிக்கு. பதினொரு மணிக்கெல்லாம் அடுத்த கல்லுக்குக் குழி வெட்டிக்கொண்டிருந்தேன்.