43 செ.மீ. தொடை எலும்பு: எந்தக் கணக்குக்கு எந்த உயரம்?

காரைக்குடிப் பக்கமிருந்து கீழடிக்குப் போய்வருகிறவர்கள் கேட்கிற கேள்விகளில் ஒன்று, கீழடியை ஒட்டிய இடுகாடான கொந்தகையில், தாழிகளில் புதைக்கப்பட்ட ஆட்கள் எவ்வளவு உயரம் இருந்திருப்பார்கள் என்பது. செட்டிநாட்டு வீடுகளின் முகப்பையும் தூண்களையும் அண்ணாந்து பார்த்துவிட்டு, "அந்தக் காலத்து ஆளுங்க ஆறடிக்குக் குறையமாட்டாங்க" என்று அடித்துச் சொல்பவர்களும் உண்டு. முகப்பு காட்டுவது கட்டியவரின் வசதியைத்தான். உயரத்தை எலும்பிடம்தான் கேட்கவேண்டும். அதற்கு மூன்று வழிகள் இருக்கின்றன. மூன்றும் ஒரே பதிலைச் சொல்வதில்லை.

மூன்றில் நம்பகமானது பிரெஞ்சுக்காரரான ஃபுல்லி 1956இல் வகுத்த முறை. மண்டையோட்டின் உயரம், முதுகெலும்புகள் ஒவ்வொன்றின் உயரம், தொடை எலும்பு, கீழ்க்கால் எலும்பு, கணுக்கால் குதிகால் எலும்புகள் எல்லாவற்றையும் அளந்து கூட்டவேண்டும். தோலுக்கும் குருத்தெலும்புக்கும் 10 முதல் 11.5 செ.மீ. வரை சேர்க்கவேண்டும். ஆணா பெண்ணா, எந்த நாட்டவர் என்ற கேள்வியே இதில் எழாது. கால் குட்டை, உடம்பு நீளம் என்றாலும் கணக்கு ஏமாறாது. இதிலும் விடை 2.4 செ.மீ. அளவுக்குக் குறைவாக வருகிறது என்று 2006இல் திருத்தினார்கள். சரி, பிரச்சினை என்ன? முழு எலும்புக்கூடு வேண்டும். உடைந்தும் நொறுங்கியும் கிடக்கிற தாழி எலும்புகளிடம் அதை எதிர்பார்க்க முடியாது.

எளிதானது விகித முறை. தொடை எலும்பு உயரத்தில் சராசரியாக 26.74 சதவீதம், ஆகவே நீளத்தை 3.74ஆல் பெருக்கினால் போதும். மனக்கணக்காகவே போடலாம். அதனாலேயே இதன்மேல் எனக்குச் சந்தேகம்.

மூன்றாவது, சமன்பாட்டு முறை. லியோன் நகரத்துச் சடலங்களில் எடுத்த அளவுகளை வைத்து 1899இல் ஆங்கிலேயப் புள்ளியியலாளர் கார்ல் பியர்சன் போட்டது ஒன்று. ஆண்களுக்கு, தொடை எலும்பு நீளத்தை 1.880ஆல் பெருக்கி 81.306 கூட்டவேண்டும். இரண்டாம் உலகப் போரில் இறந்த அமெரிக்கப் படைவீரர்களின் எலும்புகளை, படையில் சேரும்போது பதிவான உயரத்தோடு ஒப்பிட்டு 1952இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ட்ராட்டரும் கிளெசரும் போட்டது இன்னொன்று. வெள்ளையர் ஆணுக்கு 2.38ஆல் பெருக்கி 61.41 கூட்டவேண்டும்.

43 செ.மீ. தொடை எலும்பை எடுத்துக்கொள்வோம். பியர்சன் 162.1 செ.மீ. என்கிறார்; ட்ராட்டர்–கிளெசர் 163.8, விகிதம் 160.8. பெரிய சண்டையில்லை. ஆனால் 38 செ.மீ. எலும்பைக் கொடுத்துப் பாருங்கள். சமன்பாடுகள் இரண்டும் 152, 153 என்று நிற்க, விகிதம் 142க்குச் சரிந்துவிடுகிறது. 50 செ.மீ. கொடுத்தால் பியர்சன் 175, ட்ராட்டர்–கிளெசர் 180, விகிதம் 187. நடுத்தர உயரக்காரருக்கு மட்டுமே பொருந்துகிற கணக்கு விகிதம். குட்டையானவரை இன்னும் குட்டையாக்கும், நெட்டையானவரை இன்னும் நெட்டையாக்கும். வங்காளத்தில் 1924இலும் ஐக்கிய மாகாணத்தில் 1931இலும் நம் நாட்டவருக்கென்றே எண்கள் எடுத்தார்கள். அவையும் பெருக்கு எண்கள்தான் என்பதால் அதே நோய் அவற்றுக்கும் உண்டு.

சமன்பாடுகளுக்கு வேறு நோய். அதே 43 செ.மீ. எலும்பை ட்ராட்டர்–கிளெசரின் கறுப்பர் ஆண் சமன்பாட்டில் போட்டால் 161.1, வெள்ளையர் பெண் சமன்பாட்டில் போட்டால் 160.3. இடுப்பெலும்பைப் பார்த்து ஆணா பெண்ணா என்று முடிவுசெய்யாமல் தொடங்கவே கூடாது. சிவகங்கைச் சீமைக்காரர் எந்தப் பட்டியலிலும் இல்லை. போதாததற்கு, ட்ராட்டரின் கீழ்க்கால் எலும்புச் சமன்பாட்டில் ஒரு பொறி. கணுக்கால் பக்க முனையையும் சேர்த்து அளந்ததாக எழுதிவைத்தவர், உண்மையில் அதை விட்டுவிட்டே அளந்திருக்கிறார் என்று 1995இல் கண்டுபிடித்தார்கள். அவர் எழுதியபடி அளந்தால் உயரம் 2.5 முதல் 3 செ.மீ. கூடிவிடும்.

கொந்தகை எலும்புக்கு என் தேர்வு, தொடை எலும்பு, அதற்குச் சமன்பாடு. பியர்சனையும் ட்ராட்டர்–கிளெசரையும் இரண்டும் போட்டு, இரண்டு விடையையும் எழுதவேண்டும். கை எலும்பு மட்டும்தான் இருக்கிறதென்றால் போடலாம், ஆனால் பிழை வரம்பு கூடும்: தொடைக்கு ±3.27 செ.மீ. என்றால் மேற்கை எலும்புக்கு ±4.05. இந்த வரம்புக்குள் வருவோரும் மூன்றில் இரண்டு பங்கினர்தான். "163.8 செ.மீ." என்று தசமப் புள்ளியோடு பலகையில் எழுதுவதைவிட, வரம்பை இரட்டிப்பாக்கி "ஏறக்குறைய 157 முதல் 170 வரை" என்று எழுதுவதே நேர்மை. பார்க்கிறவர்களுக்குச் சப்பென்றுதான் இருக்கும்.

உயிரோடிருப்பவருக்கும் இந்தத் தேவை வரும். முதுகு வளைந்து நிமிர்ந்து நிற்கமுடியாத ஆச்சிக்கு மருந்தளவோ உணவளவோ கணக்கிட, முழங்கால் உயரத்தை அளக்கிறார்கள். 1985இல் வந்த சமன்பாட்டின்படி, 80 வயது ஆச்சிக்கு அது 45 செ.மீ. என்றால் உயரம் 148 செ.மீ. வயதும் உள்ளே இருப்பதால், இங்கே மறக்காமல் கேட்கவேண்டியது ஆச்சியின் வயதை.