வாடல் நோய் தாங்கும் தக்காளி நாற்று என்று நம்பி ஏமாந்தேன்: வாங்குமுன் இதைப் படியுங்கள்

கிருஷ்ணகிரி மாவட்டம் இராயக்கோட்டைக்கு அருகே ஒரு ஏக்கரில் தக்காளி வைத்திருக்கிறேன். சென்ற இரண்டு பருவங்களிலும் பாக்டீரியா வாடல் நோயால் ஆங்காங்கே செடிகள் செத்ததால், இம்முறை நோய் தாங்கும் ரகத்தையே நடுவது என்று முடிவு செய்து, ஒரு தனியார் நாற்றுப்பண்ணையில் 6,000 ‘அர்கா ரக்‌ஷக்’ நாற்றுகளுக்கு முன்பணம் கட்டினேன். பெங்களூரிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் 2010-இல் வெளியிட்ட வீரிய ஒட்டு ரகம் (இரண்டு வேறு பெற்றோர்ச் செடிகளைக் கலந்து உண்டாக்கும் கலப்பினம்) அது. இலைச்சுருட்டை வைரஸ், பாக்டீரியா வாடல், முன்பருவ இலைக்கருகல் ஆகிய மூன்றையும் தாங்கக்கூடியது. சாதாரண நாற்றைப்போல் இரண்டு மடங்கு விலை கேட்டார்கள், கொடுத்தேன். “அண்ணா, இதுல வாடலே வராது, கண்ணை மூடிக்கிட்டு நடுங்க” என்றார் பண்ணைக்காரர். விதைப் பாக்கெட்டைக் காட்டச் சொன்னபோது, விதைத்த அன்றே எறிந்துவிட்டதாகச் சொன்னார். பில்லில் ‘தக்காளி நாற்று’ என்று மட்டுமே எழுதியிருந்ததை நான் அன்றைக்குப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நட்ட முப்பத்தெட்டாம் நாள் மதியம் சில செடிகளின் நுனி தொங்கியது. மாலையில் நிமிர்ந்தன, மூன்றாம் நாள் பச்சை இலையோடு அப்படியே சாய்ந்தன. பூஞ்சாண வாடலாக இருந்தால் அடி இலைகள் மஞ்சளாகிப் படிப்படியாக மேலே ஏறும். இங்கே மஞ்சளே இல்லை. ஒரு செடியின் தண்டை அடியில் வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த நீர் ஊற்றி, வெட்டிய முனை நீரில் படும்படி பிடித்தேன். சில நிமிடங்களில் பால் நூல்போல வெண்மையாக ஒன்று முனையிலிருந்து இறங்கிக் கலங்கியது. அது ரால்ஸ்டோனியா என்னும் பாக்டீரியாவின் கசிவு. தண்ணீர்க் குழாய்களை அடைத்துச் செடியைக் கொல்வது அதுதான். மருந்தடித்துக் காப்பாற்ற வழியில்லை.

அதற்குப் பிறகுதான் தோட்டத்தை நிதானமாகப் பார்த்தேன். ஒரே நாளில் நட்ட செடிகளில் ஒன்று இடுப்பளவு, அடுத்தது முழங்காலளவு. காய் ஒன்றில் உருண்டை, ஒன்றில் நீளம், ஒன்றில் விலா எடுத்தது. உண்மையான வீரிய ஒட்டு முதல் தலைமுறை விதையாக இருந்தால் இப்படிக் கலவையாக வரவே வராது. அந்த நாற்றுப்பண்ணையின் பழைய பணியாளர் ஒருவர் பிறகு உண்மையைச் சொன்னார்: முந்தைய பருவத்தில் அந்த ஒட்டு ரகத்தில் விளைந்த பழங்களைப் பிழிந்து எடுத்த விதையையே அங்கே நாற்றுத் தட்டில் போட்டிருக்கிறார்கள்.

இதன் கேடு விளங்க வேண்டும். வீரிய ஒட்டின் பெற்றோர் இருவரிடமும் ஒன்றுபோல் இல்லாத குணங்கள் அடுத்த தலைமுறையில் பிரிந்துவிடும். தாங்கும் திறன் சில செடிகளுக்குக் கிடைக்கும், சிலவற்றுக்குக் கிடைக்காது. தக்காளியில் வாடலைத் தாங்கும் திறன் பெரும்பாலும் ஒரே மரபணுவில் இருப்பதுமில்லை. ஆய்வாளர்கள் உலகெங்கும் பயன்படுத்தும் ‘ஹவாய் 7996’ என்ற இரகத்தில் அது முக்கியமாக 6, 12-ஆம் குரோமோசோம்களில் பரவிக் கிடக்கிறது. அத்தகைய திறன் சிதறினால் மிஞ்சுவது வெறும் தக்காளிச் செடிதான். முறையான விதையேகூட நோயைத் தாங்குமே தவிர முற்றிலும் தடுக்காது; வேர்முடிச்சு நூற்புழு வேரைக் காயப்படுத்திய நிலத்திலும், வெயிலோடு நீர் தேங்கும் நிலத்திலும் அதுவும் தடுமாறும். “வாடலே வராது” என்று எவர் சொன்னாலும் அந்த ஒரு சொல்லுக்காகவே வாங்காமல் திரும்பிவிடுங்கள்.

விதைப் பாக்கெட்டையும் அதிலுள்ள லாட் எண்ணையும் (அந்த விதைத் தொகுதியின் அடையாள எண்) கண்ணால் பாருங்கள், போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ரகப் பெயர், லாட் எண், உரிம எண் எழுதாத பில்லை வாங்காதீர்கள். 1966-ஆம் ஆண்டு விதைச் சட்டத்தில் ‘விதை’ என்ற சொல் நாற்றையும் உள்ளடக்கியது. அதனால் விதை ஆய்வாளரிடம் புகார் தரலாம். விதையால் நஷ்டமடைந்த விவசாயி நுகர்வோர் மன்றத்துக்கும் போகலாம் என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனால் இவை எல்லாவற்றுக்கும் ஆதாரம் அந்தப் பில்தான். என்னிடம் இருப்பதில் ரகப் பெயரே இல்லை என்பதால் புகார் எழுதிவிட்டுக் காத்திருக்கிறேன். பாக்டீரியா மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும் என்பதால், இதே நோய் தாக்கக்கூடிய தக்காளி, கத்தரி, மிளகாய் எதையும் நடாமல் அந்த ஏக்கரில் கேழ்வரகு விதைத்திருக்கிறேன்.