மூன்று அடுக்குத் துணியும் ஒரு கால் மெசினும்

கிளிநொச்சியில் மீள்குடியேறிய மறு ஆண்டில், 2011இல், வவுனியாவில் பழைய தையல் இயந்திரங்களைத் திருத்தி விற்கும் ஒரு கடையில் 12,000 ரூபா கொடுத்து வாங்கிய கால் மெசினைப் பற்றி எழுதுகிறேன். அதன் கறுப்பு உடலிலிருந்த பொன்னெழுத்துகள் நான் வாங்கும்போதே தேய்ந்து அழிந்திருந்தன. எனினும் அதன் வகை எதுவென்பதில் ஐயமில்லை. சிங்கர் நிறுவனத்தின் 15ஆம் இலக்க வகையைப் பின்பற்றி இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் ஜப்பானில் ஏராளமாகச் செய்யப்பட்ட நேர்த்தையல் இயந்திரங்களின் அமைப்பே இதனுடையது. அடிநூலைச் சுற்றி வைக்கும் பொபின் செங்குத்தாக நிற்கும். நூல் இறுக்கி இடப்பக்க முகத்தில் இருக்கும். நெளிநெளியாகப் போகும் வளைதையல் எதுவும் வராது. போரில் நாங்கள் விட்டுவந்த அம்மாவின் மெசினும் இதே வகையைச் சேர்ந்தது என்பதால், கடையில் மிதியில் கால் வைத்தவுடனேயே வாங்குவதென்று முடிவுசெய்துவிட்டேன்.

நான் தையற்காரி அல்லேன். பழைய சாரம், சீத்தைத் துணி, பிள்ளைகளுக்கு அளவில்லாமற்போன பாடசாலைச் சட்டை, அயலிலுள்ள தையற்கடையில் மிஞ்சும் வெட்டுத்துணி ஆகியவற்றைச் சதுரமாகவும் முக்கோணமாகவும் வெட்டி, ஒன்றோடொன்று இணைத்துப் போர்வை செய்வது என் பொழுதுபோக்கு. ஆகவே இந்த மதிப்பீடு அந்த ஒரு வேலையை மட்டும் மனத்திற்கொண்டது.

துண்டுத்துணிப் போர்வைக்கு இயந்திரம் செய்து தரவேண்டியவை சிலவே, ஆனால் அவற்றைப் பிழையின்றிச் செய்ய வேண்டும். விளிம்பிலிருந்து கால் அங்குலம் விட்டுத் தைக்கும் தையல் எங்கும் மாறாதிருக்க வேண்டும். ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு நூலளவு விலகினாலும், 12 துண்டுகள் கொண்ட ஒரு வரிசை அடுத்த வரிசையோடு பொருந்தாது. நான் ஊசித்தட்டின் மீது, ஊசியிலிருந்து கால் அங்குலத்தில், ஒட்டுநாடாவை நான்கைந்து மடிப்பாக ஒட்டி ஒரு சிறு வரம்பு அமைத்திருக்கிறேன். துணியின் விளிம்பு அந்த வரம்பை உரசிக்கொண்டு போனால் போதும். கால் மெசினின் பெருஞ்சிறப்பு இந்த இடத்திற்றான் தெரிகிறது: முக்கோணத்தின் முனைக்கு வந்ததும் ஒரேயொரு தையல் மட்டும் போட்டு நிறுத்தக்கூடிய அளவுக்கு வேகம் முழுவதும் என் பாதத்தில் இருக்கிறது. மச்சாளின் மின்சார மெசினை இரவல் வாங்கி ஒரு மாதம் தைத்துப் பார்த்தேன். மிதியைத் தொட்டவுடன் அது பாய்ந்தது. தையல்கள் சந்திக்கும் தடித்த மூலைகளில் முனகிக்கொண்டு நின்றது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் தடைப்பட்டபோது, முற்றத்து வெளிச்சத்தில் நான் ஒரு போர்வையைத் தைத்து முடித்தேன்.

சோதனை மூன்று அடுக்குகளையும் சேர்த்துத் தைக்கும்போதுதான் வருகிறது. மேலே துண்டுத்துணி, நடுவே நிரப்புத்துணி, கீழே அடித்துணி. இயந்திரத்தின் பற்கள் கீழ்த்துணியை மட்டுமே பிடித்து நகர்த்துகின்றன. மேல்துணியை அழுத்துபாதம் பின்னுக்கு இழுத்து வைத்திருக்கிறது. இதனால் ஒரு வரிசையின் கடைசியில் மேல்துணி மிஞ்சிச் சுருக்கமாக மடிந்து நிற்கும். என் முதல் போர்வை முழுவதும் அப்படித்தான் சுருங்கியது. அதை அவிழ்த்துத் தைக்க ஒரு மாரிகாலம் முழுவதும் எடுத்தது. பின்னரே, அழுத்துபாதத்தின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்க இயந்திரத்தின் தலைமேலிருக்கும் அழுத்தத் திருகின் பயனை அறிந்தேன். அதை இரண்டு மூன்று சுற்றுத் தளர்த்தி, தையலை அங்குலத்திற்கு எட்டாக நீட்டி, நான்கு அங்குலத்திற்கு ஒரு வரியாகக் கையால் நூலோட்டி, நடுவிலிருந்து வெளிநோக்கித் தைத்தால் சுருக்கம் பெரும்பாலும் வராது. எஞ்சியதை, கனடாவிலிருக்கும் சின்னம்மாவின் மகள் அனுப்பிய, மேற்புறமும் பற்களுள்ள அழுத்துபாதம் தீர்த்தது. அது மேல்துணியையும் சேர்த்து நடத்துகிறது. கடகடவென்று சத்தமிட்டாலும் அதைக் கழற்ற எனக்கு மனம் வருவதில்லை.

நடு அடுக்குக்கு இலவம்பஞ்சை நான் பரிந்துரைக்கமாட்டேன். மிக நெருக்கமாகத் தைக்காவிட்டால் துவைத்தவுடன் கட்டிகட்டியாகத் திரண்டுவிடும். தை மாதத்து விடியற்குளிருக்கு ஒரு பழைய பருத்திச் சேலையே எங்களுக்குப் போதும். ஊசியும் அதில் இலகுவாக இறங்கும்.

இந்த மெசினின் உண்மையான குறை அதன் கைக்கடியிலுள்ள இடம். ஊசிக்கும் வலப்பக்கத் தூணுக்கும் இடையே ஏறத்தாழ ஆறரை அங்குலமே உண்டு. கட்டிலளவுப் போர்வையைச் சுருட்டி அதற்குள் திணித்துத் தைப்பது தோளை வருத்தும் வேலை. மேசைக்கு வெளியே தொங்கும் பாரம் துணியை இழுத்துத் தையலைக் கோணலாக்கும். இடப்பக்கத்தில் ஒரு வாங்கை வைத்துப் பாரத்தைத் தாங்கினேன். அதுவும் முழுத் தீர்வாகவில்லை. இப்போது 15 அங்குலச் சதுரங்களை மூன்று அடுக்குடன் தனித்தனியே தைத்து முடித்து, பிறகு நாடாத்துணி வைத்து ஒன்றாக இணைக்கிறேன். இது அதிக நேரம் எடுக்கிறது, ஆனால் தையல் நேராக வருகிறது.

பராமரிப்பில் வன்னியின் செம்மண் புழுதிதான் முதல் எதிரி. சோளகக் காற்று வீசும் மாதங்களில், மூடி வைத்தாலும், பற்களுக்கு இடையே பஞ்சுத்தூசியும் மண்ணும் சேர்ந்து இறுகிவிடும். ஊசித்தட்டைக் கழற்றித் தூரிகையால் துடைக்காமல் நான் புதிய போர்வை தொடங்குவதில்லை. மெசின் எண்ணெய் கிடைக்காத ஒரு முறை தேங்காயெண்ணெய் விட்டேன். சில வாரங்களில் அது பிசினாகிச் சக்கரத்தையே அசையவிடாது செய்தது. மண்ணெண்ணெயால் இரண்டு நாள் கழுவி, மீண்டும் உரிய எண்ணெய் விட்ட பின்னரே அது பழைய நடைக்குத் திரும்பியது. அந்தத் தவற்றை நினைக்க இன்றும் எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஊசி மழுங்கினால் துணியில் இறங்கும்போது ‘டொக்’ என்று கேட்கும். அந்தச் சத்தத்தை அடையாளம் காணப் பழகிய பின்னர் நூல் அறுவது குறைந்தது. ஊசியும் பொபினும் கிளிநொச்சிச் சந்தையிலேயே கிடைக்கின்றன.

சட்டை தைத்து உழைக்க விரும்புவோருக்கும், ஓரங்களுக்கு வளைதையல் தேவைப்படுவோருக்கும் இது பொருந்தாது. போர்வைக்காக வாங்குவோர், கடைக்குப் போகும்போது தம் வீட்டுத் துணியிலேயே மூன்று அடுக்குத் துண்டொன்றை எடுத்துச் செல்லுங்கள். கடைக்காரர் தரும் ஒற்றைத் துணியில் எந்த மெசினும் அழகாகத் தைக்கும். அழுத்தத் திருகு இரு பக்கமும் திரும்புகிறதா என்று பாருங்கள். கைச்சக்கரத்தின் மேற்பக்கம் உங்களை நோக்கி வரும்படி மிதியுங்கள், மறுபக்கம் சுழன்றால் நூல் சிக்கும். உங்கள் துண்டின் நான்கு தையல்கள் சந்திக்கும் மூலையில் ஊசியை இறக்கி, சக்கரத்தைக் கையால் தொடாமல், பாதத்தால் மட்டும் அந்த மூலையைக் கடக்க முடிகிறதா என்று பார்த்த பிறகு விலையைப் பேசுங்கள்.