ஏற்காட்டில் குடும்பத்தோடு நடக்க: கிளியூரா, சேர்வராயன் கோயிலா, பகோடா பாயின்ட்டா?

சேலத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பி, ஏற்காட்டில் இரண்டு மணி நேரம் நடந்துவிட்டு, மதியம் சாப்பிட்டுவிட்டு இறங்கிவிடலாம் என்று திட்டம் போடும் குடும்பங்களின் பேச்சில் மூன்று பெயர்கள் அடிபடும்: கிளியூர் அருவி, சேர்வராயன் கோயில், பகோடா பாயின்ட். எது அழகு என்று கேட்டால் மூன்றும் அழகுதான். ஆனால் ஆறு வயதுப் பிள்ளையும் முட்டிவலிக்கார அம்மாவும் சேர்ந்து வரும்போது முதலில் கேட்க வேண்டியது, ஏற்றம் முதலில் வருகிறதா, கடைசியில் வருகிறதா என்பதைத்தான். ஊர்க்காரர்களே இதை யோசிக்காமல் இடத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பாதி வழியில் பிள்ளையைத் தோளில் சுமக்கிறார்கள்.

கிளியூரில் ஏற்றம் கடைசியில் வருகிறது. ஏரியிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் வண்டியில் போய், அங்கிருந்து பள்ளத்தாக்குக்குள் இறங்க வேண்டும். இறங்கும்போது எல்லோரும் உற்சாகமாக இருப்பார்கள். பிள்ளைகள் முன்னால் ஓடும், பெரியவர்கள் ‘இவ்வளவுதானா’ என்பார்கள். 300 அடி உயரத்திலிருந்து விழும் தண்ணீரைப் பார்த்து, நனைந்து, பசி எடுத்த பிறகுதான் மொத்த ஏற்றமும் எதிரே நிற்கும். 18 கிலோ எடையுள்ள பிள்ளை ‘தூக்கு’ என்று கையை நீட்டுவதும் அப்போதுதான். ஈரத்துணி உடம்போடு ஒட்டியிருக்க, இடுப்பில் ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு வழுக்கும் படிகளில் ஏறுவது சுலபமான நடை அல்ல. இறங்க ஆன நேரத்தைப் போல் இரண்டு மடங்கு ஏற ஆகும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். இறங்கும்போதே யாருக்காவது தொடை நடுங்கத் தொடங்கினால், அருவி கண்ணுக்குத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், அந்த இடத்திலேயே திரும்பிவிட வேண்டும்.

இங்கே வழுக்கிவிடுவது பாசி மட்டுமல்ல. காப்பித் தோட்டங்களுக்கு நிழலுக்காக வளர்த்த சில்வர் ஓக் மரங்கள் மலை முழுக்க இருக்கின்றன. அவற்றின் இலை பெரணி போலப் பிளவுபட்டு, மேலே பச்சையாகவும் அடியில் வெள்ளி பூசியது போலவும் இருக்கும். உதிர்ந்த இலைகள் மழையில் நனைந்து படியில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துவிடும். காலை வைத்தால் மேல் இலை அடி இலையின் மீது சறுக்கும், செருப்பின் அடிப்பகுதி கல்லைத் தொடவே தொடாது. தேய்ந்த ரப்பர் செருப்பு என்றால் வழுக்கி உட்கார வேண்டியதுதான். முன்பாதத்தை முதலில் ஊன்றி, படியின் உள்பக்கமாக வைத்து இறங்கினால் இது பாதி குறையும். பிள்ளைக்கு இதை வாயால் சொல்லிப் பயனில்லை. கையைப் பிடித்து முதல் பத்துப் படிகளில் பழக்கிக் காட்டுங்கள்.

தண்ணீர் விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். ஏற்காடு ஏரி நிரம்பி வழியும் உபரி நீர்தான் கிளியூரில் விழுகிறது. அதனால் ஏப்ரல், மே மாதங்களில், அதாவது பள்ளி விடுமுறையில் கூட்டம் அலைமோதும்போது, பெரும்பாலும் காய்ந்த பாறைதான் மிஞ்சும். மழைக்காலத்தின் பின்பகுதியிலும் அதற்கு அடுத்த வாரங்களிலும்தான் அருவி அருவியாக இருக்கும். கனமழை கொட்டிய மறுநாள் போகவே போகாதீர்கள். ஊர் நடுவே இருக்கும் ஏரியின் நீர் என்பதால் பிள்ளைகள் அதைக் குடிக்கவோ வாய் கொப்பளிக்கவோ விடக்கூடாது. 10 வயதுக்கு மேற்பட்ட, தன் காலில் ஏறிவரக்கூடிய பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்குக் கிளியூர் நல்ல தேர்வு. மற்றவர்களுக்கு அல்ல.

சேர்வராயன் கோயில் இதற்கு நேர் எதிர். 5,326 அடி உயரத்தில், அதாவது 1,623 மீட்டரில் இருக்கும் மலை உச்சிக்கு ஏற வேண்டும். புத்துணர்ச்சியோடு இருக்கும்போது ஏற்றம், களைத்த பிறகு இறக்கம். கோயில் வரை சாலை இருப்பதால் பலர் வண்டியிலேயே போய், சாமி கும்பிட்டு, படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நாங்கள் சொல்வது இன்னொரு வழி. முதலில் வண்டியில் உச்சிக்கே போங்கள். நடக்க முடியாத பெரியவர்களை அங்கே இறக்கி உட்கார வையுங்கள், துணைக்கு ஒருவர் இருக்கட்டும். மீட்டரைப் பார்த்தபடி 2 கிலோமீட்டர் கீழே வந்து, சாலை அகலமான இடத்தில் மற்றவர்கள் இறங்கிக்கொள்ளுங்கள். ஓட்டுபவர் வண்டியை மறுபடி மேலே கொண்டுபோய்விடட்டும். ஒரு மணி நேரத்துக்குள் உச்சிக்கு வராவிட்டால் வண்டி கீழே வந்து அழைத்துக்கொள்ள வேண்டும் என்று நேரத்தை முன்னாலேயே பேசிவையுங்கள். மலையில் போன் சிக்னலை நம்பி எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது.

ஒரு மணி நேரம் என்பது சும்மா சொன்னதல்ல. ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன கணக்கு இன்றும் பயன்படுகிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். 2 கிலோமீட்டரில் 120 மீட்டர் ஏற்றம் என்று வைத்தால் 24 நிமிடமும் 12 நிமிடமும் சேர்ந்து 36 நிமிடம். இது திடகாத்திரமானவர் நிற்காமல் நடக்கும் வேகம். மிளகுக் கொடியைத் தொட்டுப் பார்த்து, எறும்புப் புற்றருகே உட்கார்ந்து வரும் பிள்ளைகளோடு என்றால் ஒன்றரை மடங்குக்கு மேல் போடுங்கள்.

சாலையில் நடப்பதால் எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி வலது ஓரமாக நடக்க வேண்டும். வளைவில் மட்டும் வெளிப்பக்கத்துக்கு மாறிவிடுங்கள். உள்பக்கம் ஒட்டி நடப்பவர் ஓட்டுநருக்குக் கடைசி நொடியில்தான் தெரிவார். உச்சி பாக்சைட் (அலுமினியத் தாது) படிந்த செம்மண் மேடு, மேலே அகலமான புல்வெளி. பிள்ளைகள் ஓடியாட இதைவிட நல்ல இடம் ஏற்காட்டில் இல்லை. கோயில் ஒரு குறுகிய குகைக்குள் இருக்கிறது, சேர்வராயனும் காவேரி அம்மனும் உள்ளே. குனிந்துதான் போக வேண்டும். வெளி வெயிலிலிருந்து நுழைந்ததும் கண் இருட்டும், செருப்பைக் கழற்றிய காலுக்கு ஈரத்தரை சில்லென்று இருக்கும். வாசலில் அரை நிமிடம் நின்று கண் பழகிய பிறகு நுழைந்தால் தலையில் இடி வாங்காமல் தப்பலாம். நெரிசலுக்குப் பயப்படும் பெரியவர்கள் வெளியிலிருந்தே கும்பிடட்டும். மே மாதத் திருவிழா நாட்களில் இது நடைக்கான இடமல்ல, சாமி பார்க்கிற இடம்.

இந்த உச்சிக்கும் குறை உண்டு. திறந்தவெளி என்பதால் கோடைக்கால மாலை இடிமழையில் ஒதுங்க இடம் கிடையாது. மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 நொடிக்குக் குறைவாக இருந்தால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது, உடனே வண்டிக்குள் போய் உட்காருங்கள். சேலத்தைவிட 1,300 மீட்டருக்கு மேல் உயரம் என்பதால் வெப்பம் 8 டிகிரி வரை குறைவாக இருக்கும். வியர்த்த உடம்பில் காற்றுப் பட்டால் பிள்ளைகளுக்கு நடுக்கம் எடுக்கும். ஸ்வெட்டரை ஏறும்போது போடாதீர்கள், ஏறி முடித்ததும் போடுங்கள்.

பகோடா பாயின்ட் ஒரு காட்சிமுனை, அங்கே நடை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. கோபுரம் போல அடுக்கிய கற்கள், ஒரு ராமர் கோயில், கீழே காக்கம்பாடி கிராமம். கிழக்குப் பக்கம் என்பதால் காலை நேரம் நல்லது. நான்கு வயதுக்குக் கீழ் பிள்ளை இருந்தாலும், மூட்டு அறுவை சிகிச்சை செய்தவர் இருந்தாலும் யோசிக்காமல் இதை எடுத்துக்கொள்ளலாம். விளிம்பில் பிள்ளையின் கையை விடாதீர்கள், தின்பண்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடக்காதீர்கள். பாலித்தீன் சரசரப்பு கேட்டாலே குரங்கு வந்துவிடும். லேடீஸ் சீட் என்ற காட்சிமுனையும் ஏரிக்கரையும் உலாவல்தான், நடைப்பட்டியலில் சேராது. மழை பிடித்துக்கொண்டால் 1963-இல் தொடங்கிய, இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் ஆர்க்கிட் தோட்டத்தை மாற்றாக வைத்திருங்கள்.

எதைத் தேர்ந்தாலும் நாளைக் கெடுப்பது பெரும்பாலும் 20 கொண்டை ஊசி வளைவுகள்தான். வாந்தி எடுத்த பிள்ளை அடுத்த ஒரு மணி நேரத்துக்கு நடக்காது. கிளம்பும் முன் இரண்டு இட்லி போதும், பூரியும் பாலும் வேண்டாம். வண்டியில் போன் கொடுக்காமல் முன்கண்ணாடி வழியே சாலையைப் பார்க்க வையுங்கள். மேலே போய்ச் சேர்ந்ததும் 20 நிமிடம் உட்கார வைத்து, பிறகு நடையைத் தொடங்குங்கள். காலை 6 மணிக்குக் கிளம்பினால் 8 மணிக்கு நடக்கத் தொடங்கலாம், வெயிலும் கூட்டமும் ஏறும் முன் முடித்துவிடலாம்.

நான்கு பேருக்கு 3 லிட்டர் தண்ணீர், எவர்சில்வர் பாட்டிலில். ஒரு லிட்டருக்கு ஒன்று என்ற கணக்கில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இரண்டு, பிள்ளைக்கு ஒரு மாற்றுத்துணி, ஒரு துண்டு. கட்டுச்சோறு புளிசாதமாக இருந்தால் மதியம் வரை கெடாது, ஆனால் அதை வண்டிக்குள்ளேயே வைத்துச் சாப்பிடுங்கள். தோட்ட ஓரங்களில் காட்டு மாடு நிற்பது உண்டு. தெரிந்தால் ஹாரன் அடிக்காமல், படம் எடுக்க நெருங்காமல், அது விலகும்வரை நில்லுங்கள். பொழுது சாயும் முன்பே இறங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். இறங்கும்போது ஏறிய அதே கியரில்தான் வர வேண்டும். பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டு வந்தால் பாதி வளைவிலேயே கருகல் வாடை வரும். வந்துவிட்டால் ஓரம் நிறுத்தி 20 நிமிடம் ஆற விடுங்கள், சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.