மின்னஞ்சல் ஸ்பேமுக்குப் போகாமல் செய்து தருகிறேன் என்று வருபவரிடம் ஜாக்கிரதை: 23,600 ரூபாய் போயிற்று

23,600 ரூபாய். கட்டணம் 20,000, அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 3,600. வரியைக் கறாராக வாங்கியவர் கொடுத்த ரசீதில் ஜிஎஸ்டி எண்ணே இல்லை.

கரூரில் படுக்கை விரிப்பும் சமையலறைத் துண்டும் ஏற்றுமதி செய்கிற சிறிய நிறுவனம் எங்களுடையது. அனுப்பும் கொட்டேஷன் எல்லாம் பையர்களின் ஸ்பேம் பெட்டியில் விழுந்துகொண்டிருந்தது. ஜெர்மனிக்காரர் ஒருவர் போன் செய்து, விலை ஏன் வரவில்லை என்று கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. இணையதளம், டொமைன், மொத்த மின்னஞ்சல் என்று சகலமும் செய்யும் ஓர் ஏஜென்சியைக் கூப்பிட்டோம். பெயர் வேண்டாம், வக்கீல் நோட்டீசுக்குப் பதில் எழுத எனக்கு நேரமில்லை.

வந்தவர் வாய்ச்சாலக்காரர். "சார், 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் விதியை இறுக்கிவிட்டன. இப்படியே விட்டால் உங்கள் அஞ்சல் எதுவும் போகாது" என்றார். விதி உண்மைதான். ஆனால் எஸ்பிஎஃப் (நம் டொமைன் பெயரில் எந்த சர்வர்கள் அஞ்சல் அனுப்பலாம் என்ற பட்டியல்), டிகேஐஎம் (அஞ்சலில் இடும் டிஜிட்டல் கையொப்பம்), டிமார்க் (இந்தச் சோதனைகளில் தேறாத அஞ்சலை என்ன செய்வது என்ற உத்தரவு) மூன்றும் கட்டாயம் என்பது நாளுக்கு 5,000 அஞ்சல் அனுப்புகிற பெரிய ஆட்களுக்கு. மற்றவர்களுக்கு முதல் இரண்டில் ஒன்று இருந்தால் போதும். நாங்கள் நாளுக்கு நாற்பது அனுப்பினால் அதிகம். அதை அவர் சொல்வாரா?

எங்கள் டொமைனின் சர்வர் விவரங்கள் பதிந்திருக்கும் டிஎன்எஸ் பக்கத்தில் எதையோ தட்டினார். என் முகவரியிலிருந்து தன் ஜிமெயிலுக்கு ஓர் அஞ்சல் அனுப்பினார். போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். இன்பாக்ஸில் முதல் வரியாக எங்கள் நிறுவனத்தின் பெயர்! அங்கேயே பணத்தை அனுப்பிவிட்டேன். எங்களோடு ஏற்கெனவே கடிதப் போக்குவரத்து இருந்த பெட்டி அது, அவர் செய்த மாற்றமும் அதற்குள் நடைமுறைக்கு வந்திருக்கவில்லை. அஞ்சல் இன்பாக்ஸுக்கு வராமல் என்ன செய்யும்?

மறுநாளிலிருந்து நிலைமை இன்னும் மோசம். ஸ்பேமுக்காவது போய்க்கொண்டிருந்தவை 550 என்ற பிழை எண்ணோடு திரும்பி வர ஆரம்பித்தன. கேட்டால், "டிஎன்எஸ் பரவ 48 மணி நேரம் ஆகும் சார்." ஆயிற்று. "உங்கள் பிடிஎஃப் கனமாக இருக்கிறது." எடுத்துவிட்டு அனுப்பினோம், அதுவும் திரும்பியது. "பையர் பக்கத்து சர்வரில் கோளாறு." அத்தனை பையர் பக்கத்திலுமா? கடைசியில், "அஞ்சல் அனுப்ப உங்களுக்கென்று தனி ஐபி முகவரி போட்டால் சரியாகிவிடும், 8,000 ரூபாய்தான்." அதற்குப் பிறகு வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும்.

அக்கா மகன் வந்து பார்த்தான். "மாமா, எஸ்பிஎஃப் இரண்டு இருக்கிறதே" என்றான். டொமைன் விற்றவர் போட்ட பழைய வரி ஒன்று, இந்த ஆள் புதிதாக ஒட்டியது ஒன்று. ஒரு டொமைனுக்கு ஒன்றுதான் இருக்கலாம், இரண்டு இருந்தால் பிழை என்று சொல்லி, பெறுகிற சர்வர்கள் இரண்டையுமே கணக்கில் எடுத்துக்கொள்ளாது. டிகேஐஎம் கையொப்பம் போடவே இல்லை. போதாததற்கு டிமார்க்கில் 'ரிஜெக்ட்' என்று வேறு எழுதியிருக்கிறார். சோதனையில் தேறாத எங்கள் அஞ்சலை வாங்காதீர்கள் என்று உலகத்துக்கு எங்கள் பெயரிலேயே உத்தரவு! வீட்டுக்காரனை வெளியே நிறுத்திப் பூட்டிய கதை. பையன் இரண்டு வரிகளையும் ஒன்றாக்கினான், டிகேஐஎம்மை இயக்கினான், ரிஜெக்டை எடுத்தான். அஞ்சல் போகிறது. இதற்கா 23,600 ரூபாய்?

திருப்பிக் கேட்டதற்கு, "வேலை செய்தோமே சார், அதற்குத்தானே வாங்கினோம்" என்கிறார்கள்.

எப்படிச் சரிசெய்வது என்று விரிவாக எழுத உட்கார்ந்தேன், மனம் ஓடவில்லை. இவ்வளவுதான்: சோதனை அஞ்சலை அவருடைய போனுக்கு அனுப்ப விடாதீர்கள். உங்களோடு இதுவரை தொடர்பே இல்லாத ஒருவரின் ஜிமெயிலுக்கு அனுப்பி, அங்கே அஞ்சலின் மெனுவில் உள்ள 'ஷோ ஒரிஜினல்' திறந்து எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றுக்கும் நேரே 'பாஸ்' இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்பேம் அனுப்புகிறவர்களைப் பட்டியலிடும் ஸ்பேம்ஹாஸ் அமைப்பின் கறுப்புப் பட்டியலிலிருந்து எடுத்துத் தருகிறேன் என்று தொகை கேட்டால் கொடுக்காதீர்கள், நீக்குவதற்கு அவர்கள் காசு வாங்குவதில்லை. டொமைன் கடவுச்சொல்லைக் கொடுத்திருந்தால் இன்றே மாற்றுங்கள். வெங்கமேடு பக்கம் ஒரு விரிப்புக் கம்பெனியில் அதே ஆள் லேப்டாப்போடு உட்கார்ந்திருப்பதாகக் கேள்வி.