வரியா, பறிபோன ஆளுகையா?

கற்சிலைமடுவில், ஆங்கிலேயரை எதிர்த்த வன்னித் தலைவன் பண்டாரவன்னியனின் நினைவுக்கல்லடியில் நின்றபோது, கூட வந்த பொடியன் ஒருத்தன் கேட்டான்: "வரி கூட்டினதாலையா சேர் இவர் வெள்ளைக்காரரோட சண்டை பிடிச்சவர்?" அமெரிக்கக் குடியேற்றங்கள் தாய்நாடான இங்கிலாந்தை எதிர்த்ததைப் படிப்பிக்கும்போதும் இதே கேள்விதான் வரும். வரிதான் காரணமா, இல்லை கையிலிருந்த ஆளுகையைப் பறித்ததா? நான் இரண்டாவது பக்கம்.

வரி என்பவர்களிடமும் நியாயம் உண்டு. ஏழாண்டுப் போர் 1763இல் முடிந்தபோது கடனில் மூழ்கிக் கிடந்த இங்கிலாந்து 1765இல் அந்தக் குடியேற்றங்கள் மீது, பத்திரம் பத்திரிகை போன்ற காகிதங்களுக்கு, முத்திரை வரி போட்டது, எதிர்ப்பு வெடித்தது, அடுத்த வருடமே அந்தச் சட்டத்தை விலக்கினார்கள். சரி, அப்படியானால் 1773ஐ எப்படி விளக்குவது? அந்த வருடத் தேயிலைச் சட்டத்தால் கிழக்கிந்தியக் கம்பனியின் தேயிலை, இறாத்தலுக்கு மூன்று பென்ஸ் வரியோடு சேர்த்தும், முன்னையை விட மலிவாகத்தான் வந்தது, அப்படியிருந்தும் குடியேறிகள் 342 பெட்டிகளைப் பொஸ்டன் துறைமுகத்தில் கொட்டினார்கள். தங்கள் பிரதிநிதி ஒருவர்கூட இல்லாத நாடாளுமன்றம் வரி போடுவதை ஒருமுறை ஏற்றுக்கொண்டால் பிறகு எதையும் மறுக்க முடியாது என்பதுதான் அவர்களுடைய பயம். அந்தப் பயம் வீணில்லை. 1774இல் ஆங்கிலேயர் பொஸ்டன் துறைமுகத்தை மூடி, அந்த நகரம் இருந்த மசாசூசெட்ஸ் மக்களின் ஊர்க்கூட்டங்களுக்கும் கட்டுப்பாடு போட்டார்கள். மற்றக் குடியேற்றங்கள் பொஸ்டனோடு ஒன்றுசேர்ந்தது அதற்குப் பிறகுதான்.

வன்னியிலும் அப்படித்தான் பார்க்கிறேன். அங்கத்தைய சிற்றரசர்களான வன்னியர் யானைகளைத் திறையாகக் கொடுத்துப் பழகியவர்கள், ஆனால் ஊரை ஆண்டது அவர்களே. 1782இல் ஒல்லாந்தர் படையெடுத்து அந்த ஆளுகையை உடைத்தார்கள், பின்னால் வந்த ஆங்கிலேயரும் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. திறை மட்டும்தான் பாரம் என்றால் அது நூற்றாண்டுகளாக இருந்ததே!

இலங்கையில் ஆங்கிலேயருக்கு எதிராக எழுந்த 1848 மாத்தளைக் கிளர்ச்சி மட்டும் என் வாதத்துக்கு இடறும். நாய்க்கு, துவக்குக்கு, கடைக்கு வரி, அதோடு கட்டாய வீதி வேலை வேறு. அங்கே வரிக்குத்தான் என் வாக்கு.

இன்னொன்றையும் பொடியனிடம் சொன்னேன். அமெரிக்கர் தங்களையும் ஆங்கிலேயராகவே நினைத்தார்கள், சண்டை தொடங்கிய பிறகும் 1775இல் மன்னருக்கு மனு அனுப்பிப் பார்த்தார்கள். பண்டாரவன்னியனுக்கு இங்கிலாந்து தாய்நாடு இல்லை, மனுப் போடவும் அங்கே யாருமில்லை. 1803இல் அவன் நேரே முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்தான், அதே வருடம் ஒக்டோபர் 31இல் கப்டன் வொன் டிறிபேர்க்கின் படை அவனைத் தோற்கடித்ததைத்தான் இந்தக் கல் சொல்கிறது.