பேக்கோவா, சிறு கீறலா?

அம்மாவுக்கு வலது கண்ணில் புரை முற்றி, கண்மணி பால் ஊற்றினாற்போல வெளுத்திருந்தது. புரையை எடுக்க பேக்கோ என்னும் ஆபரேஷன் செய்வதா, தையலில்லாச் சிறு கீறல் முறையா என்று வீட்டில் ஒரே பேச்சு.

பேக்கோவில் கீறல் 3 மி.மீ.க்கும் குறைவு. அல்ட்ராசவுண்ட் அதிர்வால் புரையை உடைத்து உறிஞ்சிவிட்டு, மடித்த செயற்கை லென்ஸை உள்ளே விரிய விடுவார்கள். கண் சீக்கிரம் தேறும், சிலிண்டர் பவரும் (கருவிழியின் வளைவு சீராக இல்லாததால் வரும் கண்ணாடிப் பவர்) குறைவாகவே வரும். புரை முற்றாதவர்களுக்கும், சீக்கிரம் வேலைக்குப் போக வேண்டியவர்களுக்கும் நான் இதைத்தான் சொல்வேன்.

இன்னொன்றில் கீறல் 6, 7 மி.மீ. வெள்ளைவிழியில் சுரங்கம் போலச் சாய்வாகப் போடுவதால் தானே மூடிக்கொள்ளும். புரையை உடைக்காமல் முழுதாக எடுக்கிறார்கள். விலை உயர்ந்த மெஷின் வேண்டாம், செலவும் குறைவு. இதை ஏழைகளுக்கான ஆபரேஷன் என்று ஒதுக்குவதுதான் எனக்கு வருத்தம். கல்லாக இறுகிய புரையை உடைக்க அதிர்வைக் கூட்டினால் கருவிழியின் உட்புறச் செல்கள் பாதிக்கப்படலாம். அங்கே சிறு கீறலே மேல். 1976-ல் மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை லட்சக்கணக்கானோருக்குப் பார்வை தந்ததில் இந்த முறைக்குப் பெரும் பங்கு உண்டு.

அம்மாவுக்குச் சிறு கீறல்தான் செய்தோம். சொட்டு மருந்து, கண்ணைக் கசக்காமை, தண்ணீர் படாமை எல்லாம் இரண்டுக்கும் ஒன்றுதான். மறுநாள் கட்டைப் பிரித்ததும் என்னை உற்றுப் பார்த்து, "ஏன்டா இப்படி இளைச்சிட்ட?" என்றார்.